தொடக்கூடாதது நேற்று

எனக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். இன்றைக்கும் வரும். செம்பூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் மேனேஜர் கூப்பிடுகிறார் என்று யாராவது வந்து சொன்னால் போதும், நான் அவர் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் என் விக்கல் முன்னால் போய் வணக்கம் வைத்துவிடும். என் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படம் மட்டும் கலங்கலாக இருக்கும். போட்டோக்காரர் மேல் தப்பில்லை. ஆகவே, தாராவியில் என்னோடு தரையில் சம்மணம் போட்டுப் படித்து, இப்போது அதே முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் கூட்டாளிகளே, நான் சொல்லப்போகும் இந்த வீரக்கதையின் வீரன் நான் இல்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். நான் விக்கினவன். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் திறந்து மழை பிடித்துக்கொண்ட சமயம். நம்முடைய முனிசிபாலிட்டித் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை. மழை வலுத்தால் டீச்சர் பேசுவது கேட்காது. அவர் கரும்பலகையில் எழுதுவார், நாம் உதட்டை மட்டும் அசைப்போம். அப்படி உதட்டை அசைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், கைவண்டியில் தார்ப்பாய் போர்த்தி அந்தப் பெட்டி வந்தது.

நீங்களும் முகர்ந்தீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். நமக்குத் தெரிந்த வாசம் தோல் பட்டறை வாசம்தான். ஈரத்தோல், சுண்ணாம்பு, ஊறின கடுக்காய். அதை நாம் வாசமாகவே நினைத்ததில்லை; காற்று என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெட்டியிலிருந்து வந்ததோ வேறு காற்று. கற்பூரமும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி ஒரு மர வாசம். பலகை இடுக்கு வழியாக மரச்சீவல் சுருள்சுருளாக எட்டிப் பார்த்தது. பக்கவாட்டில் கறுப்பு மையில் நமக்குத் தெரியாத எழுத்து. அதன் கீழே ஒரு கண்ணாடிக் கோப்பை படமும் ஒரு குடை படமும்.

கோப்பையும் குடையும்தான் உள்ளே இருக்கின்றன என்று நாலாம் வகுப்பு முழுவதும் முடிவு செய்தது. குடை எத்தனை இருக்கும், யாருக்கு முதலில் கிடைக்கும் என்று கடைசி வரிசையில் சண்டையே வந்தது. நனைந்தால் கெடும், போட்டால் உடையும் என்பதற்குத்தான் அந்தப் படங்கள் என்று டீச்சர் சொன்னபோது, குடைக்காக அடிவாங்கியிருந்த பையன் அழுதேவிட்டான்.

டீச்சருக்கு அந்தப் பெட்டியைப் பற்றி எல்லாம் தெரியும். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். மே மாத லீவில், இந்த ஊர்க் கோட்டைப் பக்கம் ஏதோ ஒரு ஹாலில், மராத்தி, குஜராத்தி, உருது, தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர்மார்களையெல்லாம் உட்கார வைத்து ஒரு வெளிநாட்டு அம்மாள் வகுப்பு எடுத்திருந்தார். பல நாடுகள் சேர்ந்து, சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்கின்றனவாம். வாயால் சொல்லிக்கொடுப்பதில்லையாம். பிள்ளைகளே கையால் செய்து பார்க்க வேண்டுமாம். அந்த வகுப்பில் டீச்சர் விரலைச் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்தத் தழும்பை மோதிரம் காட்டுவதுபோல நமக்குக் காட்டினார்.

வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பா அப்போது வீட்டு முன்பக்கத்து எங்கள் மளிகைக் கடையில் உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்.

"வெளிநாட்டுக்காரன் சும்மா குடுப்பானால? முன்ன பால் பவுடர் குடுத்தான், வயித்தால போச்சு. அம்மை ஊசி போட்டான், காய்ச்சல் வந்துது. இப்பம் பொட்டி குடுத்திருக்கான். உள்ள ஊசிதான் இருக்கும். நீ கைய நீட்டாத, ஆமா."

அன்று ராத்திரிச் சாப்பாட்டோடு தொடங்கிய விக்கல் மறுநாள் பிரார்த்தனைப் பாட்டு வரைக்கும் போனது.

பெட்டியைத் திறந்தவர் பெரிய சார். தலைமையாசிரியரை நாம் அப்படித்தான் கூப்பிடுவோம். மாட்டுங்காவிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு, வேட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, நம்முடைய சேற்றை ஒரு வார்த்தை திட்டாமல் நடந்து வருவார். கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. உள்ளே பூணூல், பூணூலில் பீரோ சாவி. ரெஜிஸ்டரோ சாக்பீஸோ எது வேண்டுமானாலும் அவர் சட்டைப் பொத்தானை அவிழ்க்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பொருளும் பெரிய சாரின் நெஞ்சுக்குள்ளிருந்துதான் வரும்.

ஊசி இல்லை. மரச்சீவலைத் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாக எடுத்து உயர்த்திக் காட்டினார். சிவப்புப் பூச்சு மின்னும் ஒரு காந்தம். வயிறு பருத்த கண்ணாடிக் குடுவைகள். திசைகாட்டும் கருவி. சின்ன மின்சார மணி. ஒரு தெர்மாமீட்டர். எல்லாவற்றுக்கும் அடியில், துணியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி ஒரு மைக்ராஸ்கோப்.

"பாத்துக்கோங்கோ. இது காந்தம். பாத்தாச்சா? உள்ள போயாச்சு."

அத்தனையும் உள்ளே போயாச்சு. பீரோவுக்குள். சாவி பூணூலுக்குப் போயாச்சு. சட்டைப் பொத்தான் கழுத்து வரைக்கும் ஏறியாச்சு.

அதற்குப் பிறகு மழைக்காலம் முழுவதும் நாம் அறிவியல் படித்த அழகை என்ன சொல்ல. "காந்தம் இரும்பை இழுக்கும், காந்தம் இரும்பை இழுக்கும்" என்று ராகம் போட்டுக் கத்துவோம். பத்தடி தள்ளிப் பீரோவுக்குள் அந்தக் காந்தம் வேலையில்லாமல் தூங்கும். டீச்சர் மைக்ராஸ்கோப்பைக் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸில் வரைந்தார். கூரை ஒழுகி அதன் கால் மட்டும் கரைந்து போனது. நொண்டி மைக்ராஸ்கோப்பைப் பார்த்து நாம் பரீட்சைக்குப் படம் வரையக் கற்றுக்கொண்டோம்.

தோல் பட்டறைக்காரர் மகளை நீங்கள் மறந்திருந்தால் அவள் உங்களை மன்னிக்க மாட்டாள். முன்பல் பாதி உடைந்தவள். வாப்பாவின் பட்டறையில் கடுக்காய்த் தொட்டியைக் கலக்கிக் கலக்கி அவள் கை மணிக்கட்டு வரைக்கும் காப்பிப்பொடி நிறம். ஒருநாள் ராகத்துக்கு நடுவில் எழுந்து நின்றாள்.

"டீச்சர், இழுக்கும்னு யாரு பாத்தா?"

"புஸ்தகத்துல போட்டிருக்கும்மா."

"புஸ்தகம் போட்டவரு பாத்திருப்பாரு. நாம எப்பம் பாக்கது?"

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பெரிய சார் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது உதடு கோடு மாதிரி இருந்தது. "எடுங்க, கணக்கு நோட்டை," என்றார்.

நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் முனிசிபாலிட்டியிலிருந்து ஒரு மராத்தி ஆபீஸர் வந்தார். பீரோவைத் திறக்கச் சொன்னார். காந்தத்தை எடுத்தார், முகர்ந்து பார்த்தார். அதில் இன்னும் மர வாசம் அடித்ததோ என்னவோ, பெரிய சாரை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் என்ன சொன்னார் என்று நமக்குப் புரியவில்லை. அவர் போன பிறகு பெரிய சாரே வகுப்புக்கு வந்து சொன்னார். மறைத்து வைக்கும் ஆள் இல்லை அவர்.

"அந்த வெள்ளைக்கார அம்மா ஊருக்குக் கப்பலேறப் போறா. அதுக்கு முன்னாடி எந்தெந்த ஸ்கூல்ல பெட்டி எப்படி இருக்குன்னு பாக்க வர்றா. இங்க சரிப்படலேன்னா மாட்டுங்கா ஸ்கூலுக்கு மாத்திடுவா. வாஸ்தவத்துல அதான் நல்லது. அங்க கண்ணாடி அலமாரி இருக்கு. சாமான் சாமானா இருக்கும். இங்கன்னா ஒரு வாரத்துல பங்கார் கடைக்குப் பழைய இரும்பாப் போயிடும். நீங்கள்ளாம் நல்ல பசங்கதான். ஆனா உங்க கை சும்மா இருக்காது."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல். வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

பள்ளிக்கூடம் விட்டு, தோல் காயப்போட்ட மைதானத்தின் ஓரமாக நடந்துவந்தபோது அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏலே, நம்ம கை சும்மா இருக்காதாம்லா."

"அப்படித்தான் சொன்னாரு."

"சும்மா இருக்க கைய வச்சு என்ன செய்ய?"

"போனாப் போகுது பிள்ள. மாட்டுங்காவுல நல்லா இருக்கும். கண்ணாடி அலமாரில்லாம்..."

சிலேட்டின் மரச்சட்டத்தால் என் மண்டையில் ஒன்று வைத்தாள். "கண்ணாடி அலமாரிக்குள்ள நீ போயி உக்காரு. உன் மூஞ்சிக்கு நல்லாயிருக்கும். பொட்டி எங்கயும் போகாது, பாத்துக்கோ."

எப்படிப் போகாது என்று அவளுக்கும் தெரியாது. சொன்னால் சொன்னதுதான் என்கிற ஜாதி.

பெரிய சாரின் ஏற்பாடு வேறு மாதிரி இருந்தது. வெள்ளைக்கார அம்மாள் வரும்போது பெட்டிச் சாமான்களை மேஜையில் அடுக்கி வைப்பது. அவர் பிரம்பால் ஒவ்வொன்றையும் காட்டுவது. ஒரு பையன் அதன் பெயரை இங்கிலீஷில் சொல்வது. வகுப்பு முழுவதும் திருப்பிச் சொல்வது. யாரும் எதையும் தொடாமல் அறிவியல் முடிந்துவிடும். தொண்டை பெரிது என்பதால் அந்தப் பையனாக என்னைத் தேர்ந்தெடுத்தார்.

ஒத்திகையில் என் வாயிலிருந்து வந்தது "தெர்மா", பிறகு ஒரு விக்கல், பிறகு "மீட்டர்".

"முழுங்குடா அதை."

"முழுங்கிட்டேன் சார். க்."

"அது முழுங்கினதா? இன்னொரு தரம் சொல்லு."

அந்த அம்மாளுக்குக் கிடைத்த தேதியோ விஜயதசமி. ஊருக்கே லீவு. ஆனால் நம் பள்ளிக்கூடம் அன்று காலையில் திறந்திருக்கும். புதுப் பிள்ளைகளை அரிசியில் எழுத வைத்துச் சேர்ப்பது அன்றுதானே. முந்தின நாள் சரஸ்வதி பூஜை. புத்தகம், சிலேட்டு, பிரம்பு எல்லாவற்றையும் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டால் அன்று முழுவதும் தொடக் கூடாது. அந்த ஒரு நாளை நாம் எவ்வளவு பக்தியோடு காத்தோம் என்று நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது.

பெரிய சார் அந்த வருஷம் பெட்டியையும் பூஜையில் வைத்தார். சந்தனம் அரைத்தது நான். அவர் ஒவ்வொரு பொருளாக எடுத்து, மேல்துண்டால் துடைத்து, சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். காந்தத்துக்கு இரண்டு முனையிலும். குடுவைக்கு வயிற்றில். மைக்ராஸ்கோப்புக்கு எங்கே வைப்பது என்று யோசித்து, அதற்கும் முகம் ஒன்று வேண்டுமே என்று, நாம் கண் வைத்துப் பார்க்க வேண்டிய கண்ணாடியிலேயே அழுத்தி வைத்தார். டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டார். பெரிய சார் கண்ணை மூடிக் கும்பிட்டார். பொய்யில்லை, அவருக்கு அந்தப் பெட்டி மேல் அவ்வளவு மரியாதை.

கதவோரம் நின்று பொரி தின்றுகொண்டிருந்த பட்டறைக்காரர் மகள் என் காதில் சொன்னாள்: "எங்க பட்டறையிலயும் வேலைக்காரவுக கத்திக்குப் பொட்டு வைப்பாக. வாப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாக. ஆனா மறுநா காலையில அதே கத்திய எடுத்து ஒரு தோலாவது சீவிப் போடணும்பாக. எடுக்கலைன்னா வருசம் பூரா வேலை ஓடாதாம்."

"அதுக்கு என்ன இப்பம்?"

"ஒண்ணுமில்ல. பொரியத் தின்னு."

விஜயதசமி காலையில் வெயில் அடித்தது. பெரிய சார் ஒவ்வொரு பிஞ்சுக் கையையும் பிடித்து, தாம்பாளத்து அரிசியில் 'அ' எழுத வைத்துக்கொண்டிருந்தார். அழுகிற பிள்ளையை அவர் அடக்கவே மாட்டார். அழட்டும் என்று விட்டுவிட்டு விரலை மட்டும் மெதுவாக நகர்த்துவார். அந்த விரல்களை நினைத்துத்தான் அவரைப் பற்றி இன்னும் மோசமாக எழுதாமல் விடுகிறேன்.

ஜீப் வந்தது. ஆபீஸர் இறங்கினார். தசராவுக்கு மராத்திக்காரர்கள் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் இலை ஒரு கொத்து அவர் பையில். பெரிய சாருக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று, எனக்குக்கூட ஒன்று. பிறகு அந்த அம்மாள் இறங்கினார். உயரம். மூக்கு வெயிலில் தோலுரிந்திருந்தது. வெள்ளைச் செருப்போடு நம் வாசல் சேற்றில் கால் வைத்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. குனிந்து, கையை விட்டு, அவரே பிடுங்கி எடுத்தார். பட்டறைக்காரர் மகளுக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

மேஜையில் பெட்டி. மாலை போட்டிருந்தது. இரவு முழுவதும் பீரோப் பூட்டைப் பெட்டிக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார்கள். பெரிய சார் அந்த அம்மாளுக்கு முன்னால் கொஞ்சம் திரும்பி நின்று, கழுத்துப் பொத்தானை, அடுத்த பொத்தானை, அதற்கடுத்ததை அவிழ்த்தார். வெளிநாட்டு அம்மாள் கூரையைப் பார்த்தார். பூணூலை இழுத்து, சாவியை வைத்துப் பெட்டியைத் திறந்து, சாமான்களை மேஜையில் எடுத்து அடுக்கினார். திரும்பப் பொத்தான் போட நேரமில்லை. பிரம்பை எடுத்துவிட்டார்.

"மேக்னெட்," என்றேன்.

"மேக்னெட்," என்றது வகுப்பு.

"ஃப்ளாஸ்க். க்."

"ஃப்ளாஸ்க். க்," என்றது வகுப்பு. துரோகிகளே, அந்தக் 'க்'கையும் சேர்த்துச் சொன்னீர்கள்.

அந்த அம்மாள் சந்தனப் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஏதோ கேட்டார். டீச்சர் தமிழில் சொன்னார்: "இது என்ன செய்யும்னு பிள்ளைங்க செஞ்சு காட்டுவாங்களான்னு கேக்கிறாங்க."

பெரிய சார் இங்கிலீஷில் பதில் சொன்னார். அவர் இங்கிலீஷ் பிரமாதமாக இருக்கும், ரேடியோ மாதிரி. அதையும் டீச்சரே நமக்குச் சொன்னார். குரலில் உயிர் இல்லை. "பூஜையில வச்ச சாமான், தொடக் கூடாதுன்னு சார் சொல்றாங்க."

ஆபீஸர் தலையை ஆட்டிக்கொண்டார். மாட்டுங்கா என்கிற சொல் அவர் வாயிலிருந்து வந்தது. அது எல்லாருக்கும் புரிந்தது.

முன்வரிசையில் ஒரு பாவாடை எழுந்து நின்றது.

"சார், தொடக்கூடாதது நேத்து."

மழை இல்லை, ஆகவே எல்லாருக்கும் கேட்டது.

"உக்காரு," என்றார் பெரிய சார்.

"நேத்துத்தானே சார் தொடக்கூடாது. இன்னிக்கு எடுத்துப் படிக்கலைன்னாதான் குத்தம். எடுக்கலைன்னா வருசம் பூரா வேலை ஓடாது. நீங்களே காலையிலருந்து சின்னப் பிள்ளைக கையப் பிடிச்சு எழுத வச்சுக்கிட்டிருக்கீக. அந்தக் கைய மட்டும் பிடிக்கீக, எங்க கை என்ன செஞ்சுது?"

பெரிய சார் தன் கையைப் பார்த்தார். அவருடைய விரல் நுனியில் அரிசி மாவு ஒட்டியிருந்தது. டீச்சர் ஒரு சொல் விடாமல் அந்த அம்மாளுக்குச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு ஆபீஸர் சிரித்தார். "பரோபர் ஆஹே," என்றார். சரியாகத்தான் சொல்கிறாள் என்று அர்த்தம். அவர்கள் வீட்டிலும் முந்தின நாள் வைத்த ஆயுதத்தைத் தசராவன்று எடுக்காமல் இருப்பார்களா?

"போலே. எடு," என்றாள் அவள். என்னைத்தான். மேஜைக்குப் பக்கத்தில் நின்றவன் நான்தானே.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பின்னால் சிலேட்டுக்காரி. முன்னால் பிரம்புக்காரர். நடுவில், அப்பா கையை நீட்டாதே என்று சொன்ன பெட்டி. விக்கல் இப்போது ஒன்று விட்டு ஒன்று வரவில்லை, ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கைக்குக் கிடைத்ததை எடுத்தேன். காந்தம். நான் நினைத்ததைவிடக் கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. சந்தனம் விரலில் ஈஷிக்கொண்டது.

என் விக்கலுக்குக் காந்தம் துள்ளியதைப் பார்த்துப் பெரிய சாருக்குப் பதற்றம். "ஜாக்கிரதை, ஜாக்கிரதைடா, கீழ போட்டுடாதே" என்று குனிந்தார். திறந்த சட்டைக்கு வெளியே அவருடைய சாவி தொங்கியது. தொங்கிய சாவி கொஞ்சம் ஆடியது. நின்றது. சாய்ந்தது. டக்கென்று வந்து என் கையிலிருந்த காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

நான் ஒரு முனை, பெரிய சார் மறுமுனை, நடுவில் பூணூல். நான் விக்கினால் அவர் ஆடினார்.

யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. கடைசி வரிசை என்று நினைக்கிறேன். "காந்தம் இரும்பை இழுக்கும்." பிறகு வகுப்பு முழுவதும். ராகம் இல்லாமல். மழைக்காலம் முழுவதும் கத்தியது போல இல்லை, நேரில் பார்த்தவன் சாட்சி சொல்வதுபோல.

பயத்தில் கையை வெடுக்கென்று பிடுங்கினேன். சாவி விடுபட்டது. என் முழங்கை பின்னால் போனது. மேஜை விளிம்பில் இருந்த தெர்மாமீட்டர் உருண்டது, விழுந்தது, சின்னதாக ஒரு சத்தம்.

என் விக்கல் மட்டும் தனியாகக் கச்சேரி செய்தது. முடிந்தது, பெட்டி மாட்டுங்காவுக்கு வண்டியேறிவிட்டது என்று நினைத்தேன். நான் கூடவே போய் அந்தக் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்துகொள்ளலாமா என்றும் யோசித்தேன்.

ஆனால் தரையில் ஏதோ ஓடியது. வெள்ளியாக, உருண்டையாக, சிமெண்டு வெடிப்பில் தாவித் தாவி. தொட்டால் இரண்டாகும், இரண்டும் தொட்டால் ஒன்றாகும். யாரும் உட்காரச் சொல்லவில்லை, வகுப்பே தரையில் உட்கார்ந்துவிட்டது. அது விஷம் என்று இன்றைக்கு என் மகள் பாடம் எடுக்கிறாள். நாமெல்லாம் எப்படி உயிரோடு இருக்கிறோம் என்று கேட்கிறாள். தாராவிக் காற்றைச் சுவாசித்தவனுக்கு இது எம்மாத்திரம் என்று சமாளித்து வைத்திருக்கிறேன்.

"ஏலே, காந்தத்தக் கொண்டா இங்க," என்றாள் அவள்.

கொண்டுபோனேன். வெள்ளி உருண்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். அது வரவில்லை. இன்னும் பக்கத்தில் வைத்தேன். நகர்ந்து வேறு பக்கம் போனது.

"டீச்சர், இது இரும்பு இல்ல. மினுங்குது, ஆனா இரும்பு இல்ல. காந்தம் கூப்பிட்டா வர மாட்டேங்கு."

புத்தகத்தில் அது இல்லை. நாமாகப் பார்த்தது. டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. அந்த அம்மாள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு நம்மோடு தரையில் மண்டியிட்டார். ஆபீஸரும் பேண்டைத் தூக்கிக்கொண்டு குந்தினார். ஒரு தாளை மடித்து, அந்த உருண்டைகளை எப்படித் தள்ளிச் சேர்ப்பது என்று அந்த அம்மாள் காட்டினார். கையால் தொடாதே என்று சைகையும் காட்டினார்.

நின்றுகொண்டிருந்தவர் பெரிய சார் மட்டும். திறந்த சட்டையோடு. "ஒடஞ்சுடுத்தே," என்றார், யாரிடமும் இல்லாமல். "கையெழுத்துப் போட்டவன் நானாச்சே."

கூட்டாளிகளே, இன்றைக்கு என் தொழிற்சாலையில் ஸ்டோர் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஒரு டிரில் பிட் கொடுப்பதற்குள் நானே மூன்று கையெழுத்து வாங்கிவிடுகிறேன். அவர் நம்மைக் கேவலமாக நினைத்ததாக அன்று நினைத்தேன். அவர் பயந்துகொண்டிருந்தார். அவருக்கு விக்கல் வரவில்லை, பூட்டு வந்தது. இது எனக்கு நன்றாகப் புரிகிறது. புரிகிறது என்றுதான் சொன்னேன், சரி என்று சொல்லவில்லை. அவர் பயத்துக்கு நம்முடைய ஒரு மழைக்காலம் செலவாகியிருக்கிறது.

அந்த அம்மாள் எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, ஒரு வரி பேசினார். ஒரே வரி. டீச்சர் அதை நமக்குத் தமிழில் சொன்னார்: "பெட்டி இங்கதான் இருக்கும்னு சொல்றாங்க. தினமும் எடுக்கணும், தினமும் பிள்ளைங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்றாங்க. உடைஞ்சா யாரும் திட்டக் கூடாதாம், எழுதிப் போட்டா வேற அனுப்புவாங்களாம். உடையாத பெட்டியப் பார்த்தாத்தான் அவங்களுக்குக் கவலையாம்."

ஒரு வரி இங்கிலீஷ் எப்படி இவ்வளவு தமிழ் ஆனது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. ரொம்ப வருஷம் கழித்து, மாஹிமில் பஸ்ஸுக்கு நிற்கும்போது திடீரென்று தோன்றியது. தனியாகச் சிரித்தேன், பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்றுகொண்டார். ஆபீஸருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பெரிய சாருக்கு டீச்சரைவிட நன்றாக இங்கிலீஷ் தெரியும். அந்த அம்மாள் சொன்னது எவ்வளவு, டீச்சர் சேர்த்தது எவ்வளவு என்று டீச்சரைத் தவிர அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் அவர். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து, பூணூலில் இறுகியிருந்த முடிச்சை நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். சாவியை டீச்சர் கையில் கொடுத்தார்.

"நீங்களே வெச்சுக்கோங்கோ. ஒடஞ்சா என்னண்ட வந்து சொல்லாதீங்கோ."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அழுதுகொண்டிருந்த அடுத்த குழந்தையின் விரலைப் பிடிக்கப் போனார்.

பிறகு நாம் உடைத்தோம். பாக்கி வைக்காமல் உடைத்தோம். பெரிய குடுவை சூட்டில் விரிசல் விட்டது. சின்னக் குடுவையைத் திண்டில் வைத்துக் கடைசி வரிசைக்காரன் அதன் மேலேயே உட்கார்ந்தான். மணி, பேட்டரி தீரும் வரைக்கும் அடித்து, தீர்ந்த பிறகும் அடித்துப் பார்த்து, பிரித்து, திரும்பச் சேர்க்கத் தெரியாமல் போனது. காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தாராவிச் சாக்கடை முழுவதும் ஆணி பிடித்தோம். ஒரு நாள் கயிறு மட்டும் வந்தது. மைக்ராஸ்கோப்பில் சந்தனம் போகத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி கீறிவிட்டது. ஆனால் அதற்குள் வெங்காயத்தோல், கொசுக்கால், பட்டறைத் தோலின் மயிர்க்கால், என் அப்பாவின் கடை மிளகாய்ப்பொடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். மிளகாய்ப்பொடியில் செங்கல்தூள் கிடந்ததை அவள் வகுப்பில் சத்தமாகச் சொன்னாள். அன்று வந்த விக்கலுக்குக் காரணம் பெட்டி இல்லை, அப்பா. வெறும் பெட்டி, சின்னப் பிள்ளைகள் குழாயில் தண்ணீர் குடிக்க ஏறும் படியாகி, ஊறி, உளுத்துப் போனது.

மாட்டுங்கா பள்ளிக்கூடத்துக்கும் பிற்பாடு ஒரு பெட்டி வந்ததாகக் கேள்விப்பட்டேன். போன மாதம்தான் பார்த்தேன். மகளுக்கு அங்கே ஓவியப் போட்டி. கிங்ஸ் சர்க்கிளில் ஒரு காப்பியைக் குடித்துவிட்டு, வராந்தாவில் காத்திருந்தேன். எதிரில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் அந்தப் பெட்டி. குடை, கோப்பை படம் மங்கவில்லை. பக்கத்தில் வரிசையாகக் குடுவை, மணி, மைக்ராஸ்கோப், தெர்மாமீட்டர். அந்தத் தெர்மாமீட்டரைப் பார்த்ததும் யாரோ செத்தவரைத் தெருவில் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை.

பூட்டு இல்லை. தொட யாரும் வருவதில்லை, பூட்டு எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

விக்கல் வந்துவிட்டது. விக்கலோடேயே கதவைத் திறந்தேன்.

"அங்கிள், ஹாத் மத் லகாவ், கை வைக்காதீங்க," என்று பியூன் பையன் ஓடிவந்தான். தமிழ்ப் பையன்தான். "ரொம்பப் பழசு சாமான் அங்கிள். ஒண்ணுகூட ஒடைஞ்சதில்ல, தெரியுமா?"

"தெரியுது தம்பி. க்."

காந்தத்தை எடுத்தேன். சிவப்புப் பூச்சு அன்றைக்குப் போலவே மின்னியது. பையிலிருந்து ஸ்டோரின் இரும்புச் சாவியை எடுத்து அதன் முனைக்குப் பக்கத்தில் பிடித்தேன். இன்னும் பக்கத்தில். ஒட்டி வைத்தேன். கையை எடுத்தேன். சாவி கீழே விழுந்தது.

அன்று சாயங்காலம் பட்டறைக்காரர் மகளுக்குப் போன் செய்தேன். இப்போது பட்டறை அவளுடையது. பின்னால் யாரையோ அதட்டிக்கொண்டே கேட்டாள். சாவி விழுந்ததைச் சொன்னேன்.

"அடப் பாவமே," என்றாள். உண்மையாகவே பரிதாபப்பட்டாள். "ஒரு பிள்ளை கைகூடப் படலையாக்கும்."

"படலை."

"நம்ம பொட்டியில என்னலே மிச்சம் இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அதான்லே," என்றாள்.